இவன் எங்க இருந்து வாசிக்கிறான்?

கேட்டவர் பெரியம்மா. மாலைச் செய்தி போய்க்கொண்டிருந்தது. வாசித்தவன் எங்கள் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருந்தவரின் மகன். சின்ன வயதில் எங்கள் வீட்டு மாமரத்தில் ஏறி விழுந்து கை முறித்துக்கொண்ட பொடியன். அவனுக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் இரவு, ஓர் ஆறு, ஆற்றின் இரு கரையிலும் ஐம்பது அறுபது மாடிக் கட்டடங்கள், ஒவ்வொரு ஜன்னலிலும் விளக்கு. பெரியம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“இவன் நம்மட பொடியன்தானே மனே? எப்ப கொழும்புக்குப் போனவன்?”

“போகல்ல பெரியம்மா. இஞ்சதான், திருமலை வீதியில ஒரு மேல்மாடியில இருந்துதான் வாசிக்கிறான்.”

“அப்ப பின்னால இதென்ன ஊரு?”

அந்த ஊரைக் கொண்டுவந்து பின்னால் வைத்தவன் நான்தான். பகலில் எனக்கு மட்டக்களப்பில் பெனர் அச்சடிக்கும் கடை. கண்ணீர் அஞ்சலி, பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா, தேர்தல் என்று ஊரில் எது நடந்தாலும் அதன் எழுத்தும் நிறமும் என் மேசையைத் தாண்டித்தான் போகும். மாலையில் ஒரு உள்ளூர் கேபிள் சேனலுக்கு எழுத்து வேலையும் அரங்க வேலையும் பார்த்தேன். சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ‘ரீவிக்கார அண்ணன்’ என்ற பெயர்தான் மிச்சம். அந்த மாநகரம் இணையத்தில் இலவசமாகக் கிடந்த ஒரு மாதிரி அரங்கு. எந்த நாட்டு ஊர் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பொடியனைப் பச்சைத் துணிக்கு முன்னால் இருத்தினேன், துணியைக் கணினியில் மறைத்தேன், அந்த இரவை ஒட்டினேன். பார்த்தவர்கள் எல்லாரும் “இந்தியா சேனல் மாதிரியே இருக்கு” என்றார்கள். அதைவிடப் பெரிய பாராட்டு அப்போது எங்களுக்குத் தெரியாது. பெரியம்மாவின் கேள்விக்குச் சிரித்து மழுப்பிவிட்டு எழுந்து போனேன். ஆனால் அது காலில் குத்திய நண்டு முள் போல உள்ளேயே கிடந்தது.

ஒரு மேசை, ஒரு துணி, ஒரு தாள்

இலங்கைத் தொலைக்காட்சிகளான ஐரிஎன் 1979இலும் ரூபவாஹினி 1982இலும் தொடங்கிவிட்டாலும் எங்கள் தெருவில் ரீவி என்பது வெகுகாலம் ஒரு வீட்டுப் பொருளாகத்தான் இருந்தது. மற்ற வீடுகள் அந்த வீட்டு விறாந்தையில் போய் உட்காரும். நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலை உச்சியில், 2524 மீற்றர் உயரத்தில் இருந்து கிளம்பும் படம் எங்கள் கரைக்கு வந்து சேரும்போது பாதி மழையாகி இருக்கும். அன்டெனாவை இரும்புக் குழாயில் கட்டி நட்டால் உப்புக் காற்று குழாயைத் தின்றுவிடும். கமுகில் கட்டினால் காற்றுக்குக் கமுகு ஆட, படமும் கூட ஆடும். ஒருவர் மேலே ஏறித் திருப்ப, இன்னொருவர் ஜன்னலடியில் நின்று “காணும், காணும்! ஐயோ விட்டுட்டாய், மறுகா திருப்பு!” என்று கத்துவது அந்தக் காலத்துச் செய்தியின் தொடக்க இசை.

அந்தப் புள்ளி மழைக்குள் செய்தி வாசிப்பவர் ஒரு சாயலாகத் தெரிவார். பின்னால் ஒரே நிறத்தில் ஒரு திரை, முன்னால் மேசை, கையில் தாள். வேறு ஒன்றும் கிடையாது. அப்பாவுக்கு அவர்களை அளக்க ஓர் அளவுகோல் இருந்தது: தாளைப் பார்க்காமல் எத்தனை தரம் தலை நிமிர்கிறார்கள் என்பது. நிமிராதவர் வாசிக்கும் நாளில் “இவருக்கே இதில நம்பிக்கை இல்ல” என்பார். அந்தத் திரைக்குப் பின்னால் எந்த ஊர் என்று யாரும் கேட்டதில்லை. கொழும்பு என்று தெரியும், அரசாங்கம் பேசுகிறது என்றும் தெரியும். யுத்த காலத்தில் அவ்வளவு தெரிந்தால் போதும். சொன்னதில் எதைக் கழிக்க வேண்டும், சொல்லாததில் எதைக் கூட்ட வேண்டும் என்று விறாந்தையே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

அப்புறம் நிறங்கள் வந்தன. 1993இல் சென்னையில் சன் ரீவி தொடங்கி, டிஷ் வைத்திருந்த வீடுகள் வழியாக அது எங்கள் பக்கமும் எட்டிப் பார்த்தது. 1998இல் கொழும்பிலிருந்து சக்தி ரீவி வந்ததும் எங்கள் பேச்சுக்குக் கிட்டவான தமிழில், பளபளவென்ற அரங்கில் செய்தி கேட்கக் கிடைத்தது. சுழலும் பூமி உருண்டை, கண்ணாடி மேசை, நீல ஒளி, அதிரும் இசை. 2001 செப்டெம்பர் தாக்குதலன்று அமெரிக்கச் செய்திச் சேனல்கள் திரையின் அடியில் ஓடும் எழுத்துப் பட்டியைப் போட்டன. அவசரத்துக்குப் போட்டதை அவசரம் முடிந்த பிறகும் எடுக்கவில்லை. அந்தப் பட்டி மெல்ல மெல்ல உலகம் முழுக்கப் பரவி எங்களிடமும் வந்து சேர்ந்தது.

அந்தப் பட்டியை நான் முதன்முதலாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தது 2004 டிசெம்பர் 26, சுனாமி அடித்த அன்று இரவு. கல்லடியிலிருந்து ஓடி, செங்கலடியில் உறவுக்காரர் வீட்டில் இருந்தோம். அடியில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. மட்டக்களப்பு என்று வரும், ஓர் எண் வரும். கொஞ்ச நேரத்தில் அதே மட்டக்களப்பு, கூடுதலான எண். சின்னம்மா திரைக்குக் கிட்டக் கதிரையை இழுத்துப் போட்டு, நாவலடி என்ற சொல் வருமா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய தங்கச்சி குடும்பம் அங்கே. பட்டி ஓடி முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும்; அவரும் முதலிலிருந்து பார்க்கத் தொடங்குவார். நான் விழித்திருந்தவரை அந்தச் சொல் வரவில்லை. அந்த இரவைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனம் இல்லை. ஆனால் திரையின் அடியில் எழுத்து வைக்கும் வேலை பிற்பாடு எனக்கே வந்தபோது, சின்னம்மா பார்த்திருந்த அந்தப் பார்வை எனக்குப் பின்னால் நின்றது.

மணவறைக்காரர் கட்டிய செய்தி அறை

எங்கள் சேனலின் முதல் அரங்கைக் கட்டியவர் கல்யாணங்களுக்கு மணவறை சோடிக்கும் ஒரு மாமா. வேறு யாரைக் கூப்பிடுவது? மேடை என்று ஊரில் ஒன்றைக் கட்டத் தெரிந்தவர் அவர்தான். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. றெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பலகையில் இரண்டு தூண் வெட்டினார். தூணின் தலையில் தாமரை, உடம்பில் சுருள் கொடி, அவற்றுக்கு மட்டும் தங்க நிறப் பூச்சு. நடுவில் கருநீல வெல்வெட். மேசைக்கு முன்பக்கம் ஹாட்போர்ட், அதில் சேனலின் பெயர். தூரத்தில் நின்று பார்த்தால் மாப்பிள்ளையும் பொம்பிளையும் வந்து இருக்க வேண்டியதுதான் பாக்கி.

சிரிக்க வேண்டாம். அந்த மனிதரிடம் நான் கற்றது பிறகு பார்த்த எந்தக் காணொளிப் பாடத்திலும் கிடைக்கவில்லை. முதல் நாள் ஒளிப்பதிவில் பொடியனின் முகம் கரிக்கட்டியாக வந்தது. வெள்ளைத் தூண்களைப் பார்த்த கமரா ‘அறையில் வெளிச்சம் கூடிவிட்டது’ என்று எண்ணித் தானாகவே எல்லாவற்றையும் இருட்டாக்கிவிட்டது. எங்கள் நிறத்துக்கு அது சரிப்படுமா? கமராவை எப்படித் திருத்துவது என்று நாங்கள் குழம்பிக்கொண்டிருக்க, மாமா தூணைச் சாம்பல் நிறத்தில் அடித்துவிட்டு இரண்டு விளக்கைத் திருப்பி வைத்தார். “பொம்பிளைட முகம் தெரியோணும் மகன். தூண்ட வடிவு பிறகு” என்றார். அவ்வளவுதான். உலகத்தில் இருக்கிற அரங்க வடிவமைப்பு நூல்கள் எல்லாம் முதல் அத்தியாயத்தில் சொல்ல வேண்டியது அது.

ரியூப் லைட் இன்னொரு கூத்துக் காட்டியது. படத்தில் கருப்புப் பட்டைகள் மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டே போயின. எங்கள் கரண்ட் 50 ஹேர்ட்ஸ்; அந்த லைட் நொடிக்கு 100 தரம் மினுங்குகிறது. கமராவின் ஷட்டரோ நொடியின் 60இல் ஒரு பங்கில் நின்றது. அதை 50இல் ஒரு பங்காக மாற்றிய பிறகுதான் பட்டை நின்றது. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் ஊர்ச்சனம் பட்டைக்குள்ளாலேயே செய்தி பார்த்தது, ஒருவரும் முறையிடவில்லை. மழைப் படம் பார்த்துப் பழகிய கண்கள்.

முறைப்பாடு வந்தது வேறொன்றுக்கு. புது அரங்கில் முதல் நாள் வாசிப்பு என்பதால் மாமா தன் வழக்கப்படி மேசைக்குப் பக்கத்தில் நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்தார். எங்கள் யாருக்கும் அது வித்தியாசமாகவே படவில்லை. முதல் நாளுக்கென்று வைத்தது, வடிவாக இருக்கிறது என்று ஒரு கிழமை அப்படியே இருந்தது. பிறகு ஏறாவூரிலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். துணி வியாபாரி, எங்கள் சேனலுக்கு விளம்பரம் தருகிறவர். பெனர் ஒன்றுக்குச் சொல்லிவிட்டு, போகிற போக்கில், “தம்பி, குறை நினைக்காதீங்க. செய்தி நாங்களும் பார்க்கிறதானே?” என்றார். அன்று மாலையே குடத்தை எடுத்தோம். அவர் கோபித்துப் பேசியிருந்தால் நான் மறந்திருப்பேன். ‘நாங்களும்’ என்ற அந்தச் சொல்தான் நின்றுவிட்டது. தமிழூரும் முஸ்லிம் ஊரும் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்த மாலை மாதிரிக் கிடக்கிற கரை இது. இங்கே ஒரு மேசைக்குப் பக்கத்தில் எதை வைத்தாலும், அது யாரையாவது உள்ளே கூப்பிட்டு யாரையாவது வாசலில் நிறுத்திவிடும்.

எழுத்து உடையும் இடம்

பேசுகிறவரின் பெயரும் பதவியும் திரையின் அடியில் வருமே, அந்தப் பெயர்ப் பட்டியை நான் முதலில் செய்தபோது கறுப்புத் தளத்தில் வெள்ளை எழுத்து, ஓரத்தில் மெல்லிய தங்கக் கரை. பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. ஒளிபரப்பான மறுநிமிடம் தொலைபேசி. “தம்பி, பிரதேச செயலாளர் எப்ப மோசம் போனவர்?” கை தன் பழக்கத்துக்குக் கண்ணீர் அஞ்சலி போட்டுவிட்டது. அன்றிலிருந்து கறுப்பைத் தொடுவதில்லை.

தமிழ் எழுத்தைத் திரையில் நிறுத்துவது தனிப் பாடு. பழைய ரீவியில் படம் 625 கோடுகளாக, ஒன்றுவிட்ட ஒன்றாக இரண்டு தவணையில் வரையப்படும். மெல்லிய படுக்கைக் கோடு ஏதாவது ஒரு தவணையில் மட்டும் விழுந்தால் அது துடிக்கும். எங்கள் ட, ப, ம எல்லாம் அடியில் படுக்கைக் கோட்டில் இருப்பவை. பத்திரிகையில் அழகாக நிற்கிற மெல்லெழுத்து திரையில் மின்மினிப்பூச்சி ஆகிவிடும். அதனால்தான் அந்தக் காலத்துச் செய்தி எழுத்தெல்லாம் அப்படித் தடித்துக் கிடந்தது. ரசனைக் குறைவு என்று சொல்லிவிட முடியாது. இடமும் போதாது. ‘மாவட்ட அரசாங்க அதிபர்’ என்று எழுதி அதற்கு முன்னால் ஒரு ‘மேலதிக’ சேர்த்தால் பட்டி முடிந்துவிடும், மனிதரின் பெயருக்கு இடம் இராது.

பாமினி எழுத்துரு இருந்த காலத்தில் ஒரு வசதி. கணினிக்கு அது தமிழ் என்றே தெரியாது. ஆங்கில எழுத்தின் முகத்தில் தமிழ் முகமூடி போட்டதுதான் பாமினி. எந்த மென்பொருளிலும் உடையாமல் நிற்கும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் மட்டும் முகமூடி கழன்று பிசாசு தெரியும். ஒருமுறை நேரடி ஒளிபரப்பில் அது நடந்து, கல்விப் பணிப்பாளர் ஒருவரின் பெயர் இரண்டு நிமிடம் ஆங்கிலக் குப்பையாக நின்றது. பிறகு யூனிகோட் வந்தது. தமிழைத் தமிழாகவே அறிந்த முறை, நல்லது. ஆனால் நாங்கள் வைத்திருந்த பழைய காணொளி மென்பொருளுக்குக் கொம்பும் காலும் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியவில்லை. கொக்கட்டிச்சோலை என்ற ஒரு பெயரை எடுங்கள். கொ, சோ, லை என்று அதில் மூன்று எழுத்துக்கு முன்னால் கொம்பு வர வேண்டும். மூன்றையும் அந்த மென்பொருள் பிய்த்துப் பின்னால் எறிந்தது. தான்தோன்றீஸ்வரர் தேரோட்டச் செய்திக்கு ஊர்ப்பெயர் போட முடியாமல், கடைசியில் பெயரை வேறொரு மென்பொருளில் எழுதிப் படமாக்கி ஒட்டினேன். அதற்குப் பிறகு மாவட்டத்தில் எனக்குத் தெரிந்த ஊர்ப்பெயர்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் படமாக்கி ஒரு கோப்புறையில் சேர்க்கத் தொடங்கினேன். ஓட்டமாவடி, வெல்லாவெளி, மகிழடித்தீவு, களுவாஞ்சிகுடி, கிரான்குளம். வேலையில்லாத இரவுகளில் அது ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. கொழும்புச் சேனல் ஒன்றில் எங்கள் பக்கத்து ஊரின் பெயரை ஆங்கிலம் வழியாகப் படித்துத் தமிழில் திருப்பி எழுதி, ஊரைச் சேர்ந்தவனே தடுமாறும்படி போட்டதைப் பார்த்த நாளில் பைத்தியம் இன்னும் முற்றியது.

பச்சைத் துணி

மாமாவின் தூண்களைச் செல் அரித்தபோது, திருப்பிக் கட்டுவதா, கணினி அரங்குக்குப் போவதா என்று பேச்சு வந்தது. பிபிசி 1993இலேயே கணினியில் வரைந்த அரங்கில் செய்தி வாசித்திருக்கிறது. நாங்கள் இருபது வருடம் பிந்தினாலும் பரவாயில்லை என்று ஒருவர் உற்சாகமூட்டினார். காத்தான்குடிக்குப் போய்ப் பச்சைத் துணி வாங்கினோம். “என்ன பச்சை? மெஹந்தி விழாவுக்கா?” என்று கடைக்காரர் கேட்டார். ஏன் பச்சை என்று எங்களுக்கே அப்போது சரியாகத் தெரியாது. மனிதத் தோலில் அந்த நிறம் இல்லை என்பது ஒன்று. இந்தக் காலத்து டிஜிற்றல் கமராவின் உணரியில் பச்சையைப் பார்க்கும் புள்ளிகள் சிவப்பையும் நீலத்தையும்விட இரண்டு மடங்கு என்பது இன்னொன்று. அதனால் பச்சையை வெட்டினால் ஓரம் துப்புரவாக வரும்.

வர வேண்டும், அவ்வளவுதான். துணிக்கும் ஆளுக்கும் இடையில் ஆறேழு அடி இடைவெளி விட்டால்தான் பச்சை வெளிச்சம் தோளில் தெறிக்காது. எங்கள் அறையில் ஆறேழு அடி விட்டால் கமராக்காரன் படிக்கட்டில் நிற்க வேண்டும். எண்ணெய் வைத்த தலைமயிரைச் சுற்றி எப்போதும் ஒரு பாசிக் கரை. ஒரு தங்கச்சி தெரியாமல் கிளிப்பச்சைக் கரைச் சேலையோடு வந்து, கரை இருந்த இடமெல்லாம் கட்டட ஜன்னல் விளக்கெரிய வாசித்துவிட்டுப் போனார். மென்பொருள் மட்டும் குறையில்லை. ஸ்வீடன் நாட்டின் பொதுத் தொலைக்காட்சியான எஸ்விரி தன் சொந்த வேலைக்காகச் செய்து உலகத்துக்கு இலவசமாக விட்ட காஸ்பர்சிஜியில் எழுத்துப் பட்டிகள் ஓடின. எங்கோ பனி விழும் நாட்டுக்காரன் செய்த பொருளில் வெல்லாவெளி உடையாமல் நின்றதைப் பார்த்த அன்று எனக்குக் கண் கலங்கியது உண்மை.

பெரியம்மாவின் கேள்வி வந்தது இந்தக் காலத்தில்தான். கொஞ்ச நாள் தட்டிக்கழித்தேன். பிறகு ரோஷம் வந்து, மாநகரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு எங்கள் ஊரையே வைப்பது என்று முடிவெடுத்தேன். எங்கள் ஊர் என்றால் என்ன? கல்லடிப் பாலம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது. 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலம், அதன் பக்கத்தில் 2013இல் திறந்த புதுப் பாலம், கீழே வாவி, பாடும் மீன் கதை. ஒரு புதுவருடக் காலையில் போய் எடுத்தேன். மேகம் ஒன்றும் இல்லாத வானம், கண்ணாடி மாதிரித் தண்ணீர், தூரத்தில் ஒரு தோணி. பொடியனுக்குப் பின்னால் அதை விரித்ததும் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. பெரியம்மாவும் “ஆ, இப்ப சரி” என்றார். நானும் விடை கண்டுவிட்டதாகத்தான் நினைத்தேன்.

வெயில் எறிக்கிற பாலம்

2024 நவம்பர் கடைசி வாரம். மழை நிற்கவே இல்லை. கரண்ட் போய் வந்துகொண்டிருந்தது. கீழ்மாடியில் ஜெனரேட்டர் உறுமியது. கேபிளில் பார்ப்பவர்களைவிட முகநூல் நேரலையில் பார்ப்பவர்கள்தான் அப்போது அதிகம், அதிலும் பாதிப் பேர் வெளிநாட்டில் இருந்து தங்கள் ஊருக்கு என்ன நடக்கிறது என்று கேட்பவர்கள். 26ஆம் திகதி, அம்பாறைப் பக்கம் காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் மதரசாவிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துப் போனது என்ற செய்தி வந்து சேர்ந்தது. என்னிடம் அவசரச் செய்திக்கென்று ஒரு சோடனை இருந்தது: சிவப்புத் தகடுகள் நாலாபக்கமும் இருந்து பறந்துவந்து மோதும், உலோகச் சத்தம் கேட்கும், எழுத்து தீப்பொறியோடு இறங்கும். விரல் பழக்கத்தில் அந்தப் பொத்தானுக்குப் போனது. அமத்தவில்லை. எவ்வளவு காலம் எதற்கெல்லாம் அதை அமத்தியிருக்கிறேன் என்று நினைத்தபோது வயிற்றைக் குமட்டியது.

வாசிப்பு தொடர்ந்தது. கமராவில் நின்ற தம்பி வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைப் பையன். வவுணதீவுக்கும் அங்கால அவன் வீடு. தாயின் தொலைபேசி மத்தியானத்திலிருந்து வேலை செய்யவில்லை. அவன் ஒன்றும் சொல்லாமல் நின்றான். திடீரென்று காதுக்கருவியில் அவன் குரல்.

“அண்ணன், அந்தப் பாலத்த எடுங்க.”

“ஏன்டா, கோணலா நிக்கா?”

“இல்லண்ணன். எடுங்க. எங்கட ஊருல ஆராவது இதப் பார்த்தா, டவுன்ல வெயில் எறிக்குது எண்டெல்லா நினைக்கும்.”

திரும்பித் திரையைப் பார்த்தேன். பொடியன் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் ஊர்களின் கதையை வாசித்துக்கொண்டிருக்கிறான். அவன் தோளுக்குப் பின்னால் நீல வானம். கண்ணாடி வாவி. தோணி அசையாமல் நிற்கிறது. இரண்டு வருடமாக ஒவ்வொரு மாலையும் அதைப் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் அதில் எப்போதும் வெயில் என்று கண்டதில்லை.

பாலத்தை எடுத்தால் பச்சைத் துணி தெரியும். விளம்பர இடைவேளையில் துணியையே பிடுங்கினோம். பின்னால் சுவர். மணவறைக்காரர் காலத்தில் அடித்த ஆணித் துளைகள், வெல்வெட் இருந்த இடத்தில் மங்காத சதுரம், ஓரத்தில் தூணின் சாம்பல் பூச்சு ஒழுகிய கோடு. ஒழுக்கும் இருந்தது, அது அன்றைய மழை. அந்தச் சுவருக்கு முன்னால் பொடியன் மறுபடி வந்து இருந்தான். நான் என் கோப்புறையைத் திறந்தேன். தொலைபேசியில் யார் கூப்பிட்டாலும் முதலில் ஊர், பிறகு எந்த வீதி, பிறகு தண்ணீர் எந்த அளவு. பெயர்ப் பட்டியில் ஆளின் பெயரைச் சிறிதாக்கி, ஊரின் பெயரைத் திரையின் மூன்றில் ஒரு பங்குக்குப் பெருப்பித்துப் போட்டேன். அடியில் ஓடும் பட்டியை நிறுத்தினேன். ஓடினால் யாருக்கும் தன் ஊரைப் பிடிக்க முடியாது. ஒவ்வொரு பெயரையும் பத்து நொடி அசையாமல் நிறுத்தினேன். கிரான் புலிபாய்ந்தகல் வீதி, படகு. உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே இருப்பவர்கள் கவனம். வலையிறவுப் பாலத்தடி நிலைமை என்ன, தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இப்படியே விடியும்வரை போனது. தம்பியின் ஊர்ப்பெயர் என்னிடம் படமாக இருக்கவில்லை. அவனே வந்து, என் கதிரைக்குப் பின்னால் நின்று, எழுத்துக் கூட்டிச் சொன்னான்.

விடிந்து, தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டான்: “அண்ணன், கல்லடிப் பாலத்தில எங்கட அம்மா எத்தின தரம் போயிருப்பா எண்டு நினைக்கீங்க?” நான் சொல்லவில்லை. “ஆசுபத்திரிக்கு வந்தா வலையிறவால வந்து வலையிறவால போவா. அதுக்கு முந்தி மண்முனைத் துறை. துறைப்பாதையில ஏறி, கயிற்றப் பிடிச்சிக்கிட்டு. கல்லடிப் பாலம் உங்கட படம் அண்ணன்.” மண்முனையில் பாலம் வந்தது 2014இல்தான்; அதுவரை பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைதான். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் பிறந்தவனுக்கு மாவட்டத்தின் முகம் கடலைப் பார்த்தபடி இருக்கும்; படுவான்கரையில் பிறந்தவனுக்கு வயலையும் காட்டையும் பார்த்தபடி. இதை நான் அறியாதவன் அல்ல. அறிந்துகொண்டே ஒரு பெனர்க்காரனின் அவசரத்தில் ஒட்டிவிட்டேன். அவன் தாய் அன்று மத்தியானம் பேசினார், பள்ளிக்கூடத்தில் இருந்தாராம். இதை எழுதும்போதும் அந்த ஒரு வரிக்குத்தான் மூச்சு விடுகிறேன்.

அதன் பிறகு பல நாள் கூத்துக் களரியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். வட்டக்களரியில் பின்திரை என்று ஒன்று கிடையாது. நாலு பக்கமும் சனம். நீங்கள் இந்தப் பக்கம் இருந்து பார்த்தால் அரசனுக்குப் பின்னால் தெரிவது எதிர்ப்பக்கத்தில் கச்சான் கொறிக்கிற உங்கள் மாமியும், மடியில் தூங்குகிற பிள்ளையும்தான். எங்கே நடக்கிறது கதை என்று யாரும் குழம்பியதில்லை. அஸ்தினாபுரமா, இலங்காபுரியா என்பதைக் கட்டியக்காரன் முன்னால் வந்து சொல்லுவான். வருகிறவரும் தன் வரவிலேயே தான் இன்னார் என்று பாடிக்கொண்டு வருவார். நான் கணினியில் போடுகிற பெயர்ப் பட்டியின் வேலை அந்தக் கட்டியக்காரனுடையது என்று எனக்குப் பட்டதும் ஒருமாதிரி வெட்கமாகவும் இருந்தது. எங்கள் வீட்டு முற்றத்தில் இருந்ததைத் தேடி ஸ்வீடன்வரை போயிருக்கிறேன். இப்போது மண்டபத்தில் கூத்துப் போடுகிறபோது பின்னால் அரண்மனை வரைந்த பெனர் கட்டுகிறார்கள். அதை அச்சடித்துக் கொடுப்பதும் நான்தான் என்பதை இங்கே ஒளிப்பதில் பயனில்லை.

இப்போது சேனலில் பின்னால் ஒன்றும் இல்லை. அந்தச் சுவரைப் பூசி, மங்கலான சாம்பல் அடித்திருக்கிறோம். பாலமும் கிடையாது, கட்டடமும் கிடையாது. ஊரின் பெயர் பெரிதாக, ஆளின் பெயர் சிறிதாக. இதில் பெரிய அதிகாரிகள் சிலருக்கு வருத்தம் உண்டு. பதவிப் பெயர் கண்ணுக்குத் தெரியவில்லையாம். கமராத் தம்பி ஊர்ப்பெயர் இன்னும் நாலு புள்ளி கூடவேண்டும் என்கிறான். நான் மாட்டேன் என்கிறேன். களுவாஞ்சிகுடி வெளியே போய்விடும். சண்டை முடியவில்லை.

போன மாதம் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். செய்தி நேரம். பொடியன் சாம்பல் சுவருக்கு முன்னால் வாசித்துக்கொண்டிருந்தான். நான் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் இருந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“ஏன் மனே, இவனுகள் இன்னும் பெயின்ற் அடிச்சி முடிக்கல்லையா?”